வரைந்த தங்கமும் வைத்த தங்கமும்: சிவகாசி படங்களின் ஐந்தாவது பிளேட்

சிவகாசியில் அச்சான சாமி படங்களில் தங்கம் ரெண்டு வகை. ஒன்று, ஓவியர் மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் வைத்து வரைந்த தங்கம். அம்மன் கழுத்தில் கிடக்கிற காசுமாலை அப்படித்தான் தங்கம் மாதிரி தெரிகிறது. இன்னொன்று, அச்சகத்தில் தனி மையாக மேலே வைத்த தங்கம். படத்தைச் சுற்றியிருக்கிற திருவாசி, ஓரப்பட்டை, கடையின் பெயர் இதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

எது எது என்று கண்டுபிடிப்பது லேசு. காலண்டர் தாளைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கமாக அப்படியும் இப்படியும் சாய்த்துப் பாருங்க. சாய்த்தாலும் மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் அது வரைந்த தங்கம். சாய்க்கச் சாய்க்க பளிச்சென்று வெளிறி, அப்புறம் கருத்துப் போனால் அது வைத்த தங்கம். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. வரைந்த தங்கத்தில் மஞ்சள், சிவப்பு, கருப்புப் புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி பரவியிருக்கும். வைத்த தங்கத்தில் புள்ளியே இருக்காது. மணல் மாதிரி ஒரு மினுமினுப்பு மட்டும்.

கம்பத்தில் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் கழித்துப் போட்ட காலண்டர்கள், கல்யாணப் பத்திரிகைகள், கடைத் திறப்பு அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் சில வருஷமாகச் சேர்த்து வைக்கிறேன். நான் அச்சுத் தொழில்காரன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். ஆனால் ஒரு படம் கோப்பாக மாறி, கோப்பு பிளேட்டாக மாறி, பிளேட் தாளாக மாறுகிற வழியில் எங்கே என்ன தொலைகிறது என்று பார்ப்பது என் வேலைக்குப் பக்கத்து வேலைதான். அந்தப் பெட்டியைக் கிளறிக் கிளறிப் பார்த்ததில் எனக்கு ஒரு எண்ணம் உறுதியாகிவிட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்: தங்க மை ஒரு நிறம் இல்லை. அது ஒரு பொருள். அதை எங்கே வைப்பது என்ற முடிவு படத்துக்கு அர்த்தம் சொல்கிற முடிவு. அந்த முடிவை இப்போது யாரும் எடுப்பதில்லை. மென்பொருளின் ஒரு பொத்தான் எடுக்கிறது.

தங்க மையில் என்ன இருக்கு

பெயர்தான் தங்கம். உள்ளே இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். செம்பு கூடினால் சிவப்புச் சாயல் வரும். துத்தநாகம் கூடினால் பச்சை கலந்த மஞ்சள் வரும். வெள்ளி மை என்பது அலுமினியத் தூள். அச்சகங்களில் நிறம் பொறுக்கப் பயன்படும் பான்டோன் அட்டையில் 871 முதல் 876 வரை தங்க, வெண்கலச் சாயல்கள், 877 வெள்ளி.

இந்தத் தூள் உருண்டையான துகள் இல்லை. தட்டித் தட்டி மெலிந்த செதில். மை காயும்போது செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அப்படிப் படியும். மேப்லித்தோ மாதிரி உறிஞ்சுகிற தாளில் செதில்கள் கோணல்மாணலாக நிற்கும். ஒளி நாலா பக்கமும் சிதறி, தங்கம் சாணிப்பழுப்பாகத் தெரியும். அதாவது மையின் நிறம் மையில் மட்டும் இல்லை. தாளிலும் இருக்கு, பார்க்கிறவர் நிற்கிற இடத்திலும் இருக்கு.

இந்தத் தூளுக்கு ஒரு பெரிய கதை உண்டு. ஐரோப்பாவில் ரொம்ப காலம் இதைக் கையால் தட்டித்தான் செய்தார்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க் பக்கத்துக் கைவினைஞர்கள் அதில் பேர்போனவர்கள், விலையும் கடுமை. 1840களில் ஹென்றி பெஸ்ஸமர் என்ற ஆங்கிலேயர் அதை இயந்திரத்தில் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். காப்புரிமை எடுத்தால் ரகசியம் வெளியே போய்விடும் என்று குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைத்துத் தொழில் நடத்தினார். அதில் கிடைத்த பணம்தான் பின்னால் அவருடைய எஃகு ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது. 1856இல் அவர் அறிவித்த எஃகு முறை உலகத்தையே மாற்றியது. நம்ம காலண்டர் ஓரத்தில் மினுக்குகிற பொடியும் தண்டவாள எஃகும் அந்த வகையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ரெண்டு மரபு

படத்தில் தங்கத்தை வரைவதா, வைப்பதா என்ற சண்டை பழசு. 1435இல் இத்தாலியில் ஆல்பெர்ட்டி ஓவியக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். படத்துக்குள் தங்கப் பொருள் வந்தால் தங்கத்தை ஒட்டாதே, நிறத்தால் தங்கத்தைக் காட்டு, அதில்தான் ஓவியனுக்குப் பெருமை என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொன்ன காரணம் அச்சகக்காரர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தட்டையான பலகையில் தங்கத்தை ஒட்டினால், ஓவியன் வெளிச்சமாகக் காட்ட நினைத்த இடம் பார்க்கிறவருக்கு இருட்டாகத் தெரியும். இருட்டாக இருக்க வேண்டிய இடம் மினுக்கும். ஆனால் படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் வேலைப்பாட்டில் அசல் தங்கம் இருந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கட்சி நம்ம தஞ்சாவூர் ஓவியம். அங்கே தங்கத்தை வரைவதே கிடையாது. சுண்ணாம்புப் பசையால் நகையையும் மண்டபத்தையும் மேடு கட்டி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். மேடு இருப்பதால் ஒளி உடைந்து விழும். ரேக்கின் தட்டைத்தனம் தெரியாது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் உடம்பும் முகமும் அநேகமாக நிழல் குறைவாக, தட்டையாகத்தான் இருக்கும். படத்துக்கு உள்ளே என்று ஒரு வெளிச்சம் கிடையாது. பூஜை அறை விளக்குதான் படத்துக்கும் விளக்கு. அதனால் அங்கே வைத்த தங்கம் யாரோடும் சண்டை போடுவதில்லை.

ரவிவர்மா ஆல்பெர்ட்டி கட்சி. பட்டுச் சேலையின் ஜரிகையை அவர் வண்ணத்தாலேயே மினுக்க வைத்தார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்தப் படங்களை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்த அச்சுப் படங்களை வாங்கிவந்து, அவர் வரைந்த சேலைமேல் நிஜ ஜரிகையையும் ஜிகினாவையும் ஒட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட படங்கள் இன்னும் இருக்கின்றன. ஓவியர் வரைந்தது போதாது, கொஞ்சம் வைக்கவும் வேண்டும் என்று வாங்கினவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

சிவகாசி இந்த ரெண்டு மரபுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து ஊரில் தொழிலைத் தொடங்க, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட, லேபிளுக்காக அச்சு வந்தது. அச்சு வந்த பிறகு காலண்டர் வந்தது. படம் வரைய ஆள் பக்கத்திலேயே கோவில்பட்டியில் கிடைத்தார்: சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள்தான் தென்தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களை ரொம்ப காலம் ஆண்டன. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதின கை அது. ரவிவர்மா மாதிரி நிழலும் வெளிச்சமும் உண்டு. அதே நேரம் சாமி நேராக நம்மைப் பார்த்து நிற்கும். வரைந்த தங்கத்தில் கைதேர்ந்த மரபு. அந்தப் படத்துக்கு மேல் அச்சகம் ஐந்தாவதாக ஒரு தங்கத்தை வைக்கும்போதுதான் கேள்வி வருகிறது: எங்கே?

ரெண்டு காலண்டர்

என் பெட்டியில் உள்ள ரெண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். கடைகளின் பெயரையும் அச்சகங்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஒன்றைப் புகழ்ந்து இன்னொன்றைக் குறை சொல்லப் போவதால் அதுதான் நியாயம்.

முதலாவது ஒரு பழைய கஜலட்சுமி. கம்பத்து ஜவுளிக்கடை ஒன்று கொடுத்தது. ஓவியர் கையெழுத்து இருந்த ஓரத்தைச் சட்டம் போட்டவர் வெட்டிவிட்டார். லட்சுமியின் கிரீடம், ஒட்டியாணம், வளையல் எல்லாம் வரைந்த தங்கம். இடது பக்கமிருந்து வெளிச்சம் விழுவதாக ஓவியர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையலுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு பழுப்பு நிழல் கொடுத்திருக்கிறார். வைத்த தங்கம் ரெண்டே இடத்தில்தான் இருக்கிறது: சுற்றியுள்ள திருவாசியில், அப்புறம் உள்ளங்கையிலிருந்து கொட்டுகிற காசுகளில். நகையைத் தொடவே இல்லை.

இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு அந்தப் படமே புதுசாகிவிட்டது. நகை அவளுடையது, அது அவள் உலகத்து வெளிச்சத்தில் மின்னுகிறது. காசு நமக்கு வருவது. அது நம்ம வீட்டு விளக்கில் மின்னுகிறது. சாயங்காலம் விளக்கேற்றினால் காசு மட்டும் படத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும். இதை ஓவியர் யோசித்தாரா, அச்சகத்தில் தங்கப் பிளேட்டுக்கு வரைந்தவர் யோசித்தாரா என்பதற்குத் தாளில் சாட்சி இல்லை. ஆனால் யாரோ ஒருத்தர் இந்தப் படத்தில் காசு என்றால் என்ன, நகை என்றால் என்ன என்று யோசித்து முடிவெடுத்திருக்கிறார். தற்செயலாக ரெண்டு நகை, மூணு காசு என்று விழவில்லை. காசு அத்தனையும் தங்கம், நகை ஒன்றுகூட இல்லை.

ரெண்டாவது, சமீபத்து முருகன். நல்ல கனமான ஆர்ட் பேப்பர், அச்சும் துல்லியம். தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட எங்கே இல்லை என்று கேட்பது சுலபம். கிரீடம், வேல், மயில் கழுத்து, பின்னால் சூரியக்கதிர், பீதாம்பரம் எல்லாவற்றிலும் இருக்கு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்னொரு இடத்திலும் இருக்கு: முகத்தில். கன்னத்தில், மூக்கு நுனியில், நெற்றியில் பொடிப்பொடியாகத் தங்கம். ஏன் என்று புரிந்துகொள்ள மென்பொருள்காரன் தேவையில்லை. போட்டோஷாப்பில் நிற வரம்பு என்ற கருவியால் மஞ்சளாக இருக்கிறதை எல்லாம் மொத்தமாகப் பொறுக்கி, அதைத் தங்கச் சேனலாக மாற்றினால் இப்படித்தான் வரும். முருகன் முகத்தில் விழுந்த வெளிச்சமும் மஞ்சள்தானே? கருவிக்குக் கன்னம் தெரியாது, கிரீடம் தெரியாது, மஞ்சள் தெரியும்.

விளைவு என்ன? நேராகப் பார்த்தால் கிரீடம் கருத்துத் தட்டையாக இருக்கு. ஓவியர் கிரீடத்துக்குக் கொடுத்த உருட்டல் முழுக்க ஆல்பெர்ட்டி சொன்ன மாதிரியே செத்துவிட்டது. சாய்த்துப் பார்த்தால் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி மினுமினுப்பு. ஒரே இடத்தில் வரைந்த தங்கத்துக்கு மேல் வைத்த தங்கத்தை அடித்தால், ரெண்டு வெளிச்சம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஜெயிப்பது எப்போதும் பித்தளைதான். அதற்குத்தான் ஒளியை மறைக்கிற தடிமன் உண்டு.

இந்த ரெண்டு தங்கமும் மங்குவதுகூட வேறு வேறு மாதிரி. வரைந்த தங்கத்துக்கு எதிரி வெயில்: மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, படம் நீலம் பூத்துப் போகும். வைத்த தங்கத்துக்கு எதிரி காற்று: ஈரமும் அமிலமும் பட்டுச் செம்பு கறுக்கும். அந்தக் கஜலட்சுமியில் திருவாசியும் காசும் இப்போது புகையிலை நிறம். வளையல் இன்னும் பொன்னிறம்தான்.

புள்ளி போன கல்யாணப் பத்திரிகை

சாமி படத்தில் தங்கம் தப்பான இடத்தில் விழுந்தால் அழகு கெடும். கல்யாணப் பத்திரிகையில் விழுந்தால் பெயர் கெடும்.

தங்கப் பட்டை போட்டு, அதற்குள் தாளின் வெள்ளையே எழுத்தாகத் தெரிகிற மாதிரி வைப்பது இப்போது மோஸ்தர். தங்க மையின் செதில் சாதாரண மையின் துகளைவிடப் பெரிசு. நல்லா மினுங்கணும் என்று மையைத் தூக்கி விடுவார்கள். மை சுற்றிலும் கொஞ்சம் பரவும். இங்கிலீஷ் எழுத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை; மெல்லிய கோடு இன்னும் மெலியும், அவ்வளவுதான். தமிழில் முதல் பலி புள்ளி. அது சின்ன வட்டம்; நாலாபக்கமும் மை நெருக்கினால் அடைந்துவிடும். புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். எங்கள் ஊர்ப் பெயரில் ரெண்டு புள்ளி இருக்கு. ரெண்டும் அடைந்துபோய் ‘கமபம’ என்று அச்சான அழைப்பிதழ் என்னிடம் உண்டு. கண்ணன் ‘கணணன’ ஆகிவிடுவார். அப்புறம் ஞ, ஜ, ஸ்ரீ மாதிரி உள்சுழி உள்ள எழுத்துகள் உருண்டையாக அப்பிக்கொள்ளும்.

பிழை திருத்தினவர் இதைப் பிடித்திருக்கவே முடியாது. திரையில் புள்ளி இருந்தது, பிரிண்டர் எடுத்துக் கொடுத்த தாளிலும் இருந்தது. எழுத்துப் பிழை மையில் நடந்திருக்கிறது.

மறுபக்கம், சந்தன நிறத் தாளில் தங்க எழுத்து. இதில் புள்ளி பிழைக்கும், ஆனால் வாசிப்பு போய்விடும். கல்யாணப் பத்திரிகை என்பது வாசிக்கத்தான் அச்சிடுவது. யார் தலைமை, தாய்மாமன் பெயர் எந்த வரிசை, முகூர்த்தம் எத்தனை மணி என்று பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். தாளைச் சாய்த்தால்தான் எழுத்து தெரியும் என்றால் அது மரியாதை இல்லை. இப்போது பாதிப்பேருக்கு அழைப்பு கைபேசியில் படமாகத்தான் போகிறது. கேமராவுக்கு முன்னால் தங்க எழுத்து வெளிறி ஒன்றுமில்லாமல் போகும், இல்லாவிட்டால் சகதி நிறமாகும். எந்த வழியிலும் வாசிக்கக் கூடாத எழுத்துக்குத்தான் அதிகக் காசு கொடுத்திருப்பார்கள்.

என் தீர்ப்பு சுலபம். பெயரும் நேரமும் இடமும் கருஞ்சிவப்பிலோ கருப்பிலோ இருக்கட்டும். பிள்ளையாரும் ஓரக்கொடியும் தங்கத்தில் இருக்கட்டும். ஆல்பெர்ட்டி சட்டத்துக்குத் தங்கம் அனுமதித்த அதே நியாயம்தான்.

பென்னிகுவிக் தலைக்குப் பின்னால்

எங்கள் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு படம் உண்டு. முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்த பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக். தை மாதம் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கு. கடைக் காலண்டரிலும் அழைப்பிதழிலும் அவர் முகம் வரும்.

மூலம் ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம். என்னிடம் உள்ள ஒரு காலண்டரில் அதற்குப் பின்னால் தங்க மையில் கதிர்வீசும் வட்டம். இன்னொன்றில் படம் அப்படியே சாம்பல் நிறத்தில் இருக்க, கீழே அணையின் கோட்டுப்படமும் பெயரும் மட்டும் தங்கம். ரெண்டும் ஒரே மை, அநேகமாக ஒரே செலவு. ஆனால் முதலாவது அவரைச் சாமி என்கிறது. ரெண்டாவது அவர் செய்த வேலையைச் சாமி என்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் நெல் விளைகிற, திராட்சை விளைகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். தை மாதம் பானை வைக்கிற விவசாயி முதலாவதுதான் சரி என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கு. எந்தப் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த முடிவு பதினைந்து நிமிஷத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் எடுக்கப்படுகிறது, அது முடிவு என்று தெரியாமலே எடுக்கப்படுகிறது என்பதுதான் என் கவலை.

ஊரில் ஒரு வடிவமைப்பாளத் தம்பியிடம் இதைக் கேட்டேன். “எங்கண்ணே யோசிக்க விடுறாங்க? ‘நல்லா மினுமினுன்னு போட்டுக் குடுப்பா’ன்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போயிருவாங்க. திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சாகணும்” என்றார். நியாயம்தான். ஆனால் பழைய முறையில் யோசிக்காமல் இருக்க முடியாது. நாலு நிறத்தையும் கேமரா பிரித்துக் கொடுத்துவிடும். தங்கத்தை எந்தக் கேமராவாலும் பிரிக்க முடியாது. படத்தின்மேல் ஒளி ஊடுருவுகிற தாளைப் போட்டு, தங்கம் எங்கே வரணுமோ அதை மட்டும் கருப்பு மையில் கையால் வரைந்தாக வேண்டும். தங்கத்தைக் கருப்பில் வரையும்போது மினுமினுப்பு கண்ணை மயக்காது. இடம் மட்டும்தான் தெரியும்.

கோப்பு தயாரிப்பவர்களுக்கு

விமர்சனம் செய்துவிட்டு வழி சொல்லாமல் போவது முறையில்லை. பெட்டியில் உள்ள தவறுகளிலிருந்து நான் தொகுத்தவை இவை.

1. தங்கம் தனிச் சேனலாக, ஸ்பாட் கலராக இருக்கணும். மஞ்சளும் பழுப்பும் கலந்த கிரேடியன்ட் திரையில் தங்கம் மாதிரி தெரியும். பிளேட்டில் அது வெறும் மஞ்சளும் பழுப்பும்தான். திரை ஒளியை உமிழ்கிறது, பித்தளை ஒளியைத் திருப்புகிறது. எந்தத் திரையும் இந்த மையைக் காட்டாது.

2. பெயர் ஒன்றே ஒன்று. ஒரு இடத்தில் ‘கோல்டு’, இன்னொரு இடத்தில் ‘கோல்டு 1’, வாடிக்கையாளர் கொடுத்த லோகோவுக்குள் ‘பான்டோன் 871’ என்று இருந்தால் கணினிக்கு மூணு தங்கம். மூணு பிளேட் வரும். நிரலில் ஒரே மாறிக்கு மூணு பெயர் வைத்த கதை.

3. கோப்பை ஜேபெக்காக அனுப்பக் கூடாது. அதில் நாலு நிறத்துக்கு மேல் இடம் இல்லை. ஐந்தாவது சத்தமில்லாமல் கழன்றுவிடும். பி.டி.எஃப். எடுக்கும்போது ஸ்பாட் கலரை நாலு நிறமாக மாற்று என்ற தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்க. நிழல், ஒளிவட்டம், கிரேடியன்ட் மாதிரி விளைவுகளைத் தங்கத்துக்குக் கொடுத்தால் அந்த இடம் மட்டும் நாலு நிறமாக மாறிவிடும் அபாயமும் உண்டு.

4. அடியில் இருக்கிற நிறத்தை வெட்டி எடுப்பதா, அதன்மேலேயே அடிப்பதா என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக முடிவெடுங்க. வெட்டி எடுத்தால் தங்கம் சுத்தமாக இருக்கும், ஆனால் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். விளிம்பில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடணும். நாலு கலர் மிஷினில் தங்கம் ரெண்டாவது முறை தாள் போகும்போதுதான் ஏறும் என்றால் விலகல் இன்னும் சகஜம். கருஞ்சிவப்பின்மேல் பொடி எழுத்து என்றால் வெட்டாமல் மேலேயே அடித்துவிடுங்க. பளபளப்பு கொஞ்சம் குறையும், எழுத்து பிழைக்கும்.

5. தங்கத்தை முப்பது சதவீதம், நாப்பது சதவீதம் என்று புள்ளியாக உடைக்காதீங்க, அழுக்காகத் தெரியும். முழு மையாகவே இருக்கட்டும். மென்மை வேணும் என்றால் இடத்தைக் குறையுங்க.

6. தமிழில் தங்கப் பட்டைக்குள் வெள்ளை எழுத்து வைத்தே ஆகணும் என்றால் தடித்த எழுத்துருவாக, பெரிய அளவாகப் பாருங்க. எழுத்தைச் சோதிக்காதீங்க, புள்ளியைச் சோதிங்க. புள்ளி பிழைத்தால் மற்றது எல்லாம் பிழைக்கும்.

7. அச்சகத்தில் முதலிலேயே மூணு கேள்வி கேளுங்க: எந்தத் தாள், தங்கம் முதலில் ஏறுமா கடைசியில் ஏறுமா, மேலே வார்னிஷோ லேமினேஷனோ உண்டா. பூச்சு இல்லாவிட்டால் தங்கம் விரலில் ஒட்டி வரும். மேட் லேமினேஷன் போட்டால் பளபளப்பு மூடிக்கொள்ளும்.

வெள்ளிக்கு மேல் நிறம்

வரைந்த தங்கத்தையும் வைத்த தங்கத்தையும் சேர்த்துவைக்க ஒரு வழியும் உண்டு. வெள்ளி மையை முதலில் அடித்து, அதன்மேல் நாலு நிறத்தை அடிப்பது. நாலு நிற மைகள் கண்ணாடித்தாள் மாதிரி ஒளி ஊடுருவுபவை. அதனால் வெள்ளிக்கு மேல் மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும் ஏறினால் அது தங்கமாகும்; அங்கே ஓவியர் வைத்த பழுப்பு நிழலும் சாகாமல் மேலே உட்காரும். ஒரே பிளேட்டில் தங்கம், செம்பு, மயில் நீலம் எல்லாம் உலோகமாகக் கிடைக்கும். சமீபத்தில் சில நல்ல டைரி அட்டைகளில் இதைப் பார்க்கிறேன். அந்த முருகன் படத்தை இப்படி அடித்திருந்தால் கிரீடம் உருண்டிருக்கும்.

ஆனால் முகத்துக்கு அடியில் வெள்ளி போகக் கூடாது. கண்ணின் வெண்மைக்கு அடியில் கூடாது. விபூதிக்கு அடியில் கூடாது. அது தாளின் வெள்ளையாகவே இருக்கணும். எனவே இங்கேயும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து, இது உலோகம், இது உடம்பு, இது சாம்பல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாக வேண்டும். அந்தப் பிரிப்பை நிற வரம்புக் கருவியிடம் விட்டால் பழைய கதைதான்.

வாடிக்கையாளருக்கு மினுமினுப்புதான் வேணும், நீ என்ன பெரிசாக அர்த்தம் பேசுகிறாய் என்று கேட்கலாம். மினுமினுப்பு வேணும் என்று கேட்டவர்கள்தான் ரவிவர்மா படத்துக்கு ஜரிகை ஒட்டியவர்களும். அவர்கள் சேலையின் கரையில் ஜரிகை ஒட்டினார்கள், நகையில் ஜிகினா ஒட்டினார்கள், முகத்தில் ஒட்டவில்லை. ஊசி நூல் பிடித்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அந்த விஷயம் ஐந்து கலர் மிஷினுக்கு வரும் கோப்பில் இல்லாமல் போவதுதான் உறுத்துகிறது.

ஒரு சோதனை போதும். மென்பொருளில் மற்ற நாலு சேனலையும் அணைத்துவிட்டு ஐந்தாவதை மட்டும் பாருங்க. திரையில் அது கருப்பாகத்தான் தெரியும், அந்தக் காலத்து மேல்தாள் மாதிரியே. அந்தக் கருப்பு உருவத்தை மட்டும் பார்த்து இது எதைப் பற்றிய படம் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல முடிந்தால் அச்சுக்கு அனுப்புங்க. கஜலட்சுமியின் தங்கப் பிளேட்டை மட்டும் பார்த்தால் ஒரு திருவாசியும் கீழே கொட்டுகிற காசும் தெரிந்திருக்கும்; லட்சுமி இல்லாமலே அது லட்சுமி படம். முருகனுடைய பிளேட்டைப் பார்த்தால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த மாதிரி இருந்திருக்கும்.

காலண்டரில் ஓவியர் கையெழுத்துக்கு ஒரு மூலை உண்டு, அச்சகத்தின் பெயருக்குக் கீழ் ஓரம் உண்டு, கடையின் பெயருக்குத் தலைப்பட்டை உண்டு. தங்கத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தவருக்கு மட்டும் இடம் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய படம் இருந்தால் ஒரு தடவை சாய்த்துப் பாருங்க. அந்தப் பெயர் இல்லாதவர் செய்த வேலை நல்லாவே தெரியும்.